ஒரே சாட்சி உள்ள வினைச்சொல்

கோட்டிங்கன்,
நவம்பர் 14

அன்புள்ள கேஷேவுக்கு,

பெர்கனில் விடாமல் மழை என்று செய்தியில் பார்த்தேன். படகுப் பட்டறையில் நீ நனையாமல் வேலை செய்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். முந்தைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. இது மூன்றாவது.

உன் அப்பா தொடங்கிய வினைச்சொல் அகராதி முடியப்போகிறது. பக்கத்து அறை வோல்க்மர் தினமும் என் அறை வாசலில் நின்று, "அல்முட், இன்னிக்கு எத்தனை வினையைக் கொன்னே?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போகிறார். நீயும் இரண்டு வருடம் இதில் உழன்றவள்தானே. மூல ஜெர்மானிய மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. அதன் பிள்ளை மொழிகளை வைத்து ஊகிக்கிறோம். இரண்டு கிளைகளிலாவது தடயம் இல்லாத வினையை அடித்துவிட வேண்டும். அப்பா வகுத்த விதி.

செவ்வாய்க்கிழமை அவருடைய குறிப்புச் சீட்டுப் பெட்டியில் ஒரு வினை கிடைத்தது. அந்தப் பிள்ளை மொழிகளில் கோத்திக்கில் மட்டும், ஒரே ஒரு வரியில் வருவது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "சாட்சி ஒண்ணுதான். ஆனா இருந்திருக்கும்னு தோணுது. அல்முட் அடிச்சிடுவா, பாரு."

நான் அடிக்கவில்லை.

அப்பாவின் அடக்கம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் டோரத்தே உன்னிடம் வந்து சொன்னாள், கடைசி நாள் காலையில் அப்பா "கேஷே எப்ப வருவா?" என்று கேட்டாராம். நீ படிப்பை விட்டதிலிருந்து உன்னோடு பேசாமலே இருந்த மனிதர். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அத்தனை பேர் முன்னால், "ஒருத்தர் சொன்னதை வெச்சு எதையும் நம்பிட முடியாது" என்றேன். நீ கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாய். இரண்டு வருடம் ஆகிறது.

அது விதிக்காகச் சொன்னதில்லை, கேஷே. பதினோரு நாள் அந்தக் கட்டிலருகே இருந்தேன். நான் காப்பி வாங்கப் போன பத்து நிமிடத்தில் அவர் கண் திறந்து உன்னைக் கேட்டிருக்கிறார். டோரத்தேவுக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. எனக்குத்தான் நம்பாமலிருக்க ஒரு காரணம் இருந்தது.

அந்த வினை அகராதியில் போகிறது. வோல்க்மர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் அறையின் கணப்பைப் பழுது பார்த்தாயிற்று. மழைக் கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொள். நீ எப்போதும் திறந்தே விடுவாய். நலமாக இரு. அப்பா கேட்டதையே நானும் கேட்கிறேன்: எப்போது வருவாய்?

உன்
அம்மா