நிறம் பார்க்கும் வேலை

ஜூலை 9

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. "போன்ல பேசினா சண்டை போட்டுடுவே, எழுதி அனுப்பு, கோபம் வந்தா அடிச்சுத் திருத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதனால் எழுதுகிறேன். இதுவரை ஒரு சொல்லையும் அடிக்கவில்லை.

நாங்கள் எல்லோரும் நான்காம் வருடத்துக்கு, கடைசி வருடத்துக்கு, வந்துவிட்டோம். நீ மட்டும் நடுவில் ஒரு வருடம் பெயிண்ட் கம்பெனியில் வேலைப் பயிற்சி. ஒரே ஓர் இடம், நம் வகுப்பிலிருந்து இரண்டு விண்ணப்பம், நீயும் நானும், கிடைத்தது உனக்கு. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது. மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். நேர்காணலில் நான் ரொம்பப் பேசிவிட்டேனாம், துறைத்தலைவர் சொல்கிறார். பேசத்தானே கூப்பிட்டார்கள்?

ஆய்வகத்தில் உனக்குப் பதிலாகத் தும்மல்காரனை என்னோடு சேர்த்திருக்கிறார்கள். நான் நிறுத்து வைக்கும் பொடியெல்லாம் அவன் ஒரு தும்மலில் பறந்துவிடுகிறது. எல்லாம் உன்னால்தான்.

அங்கே என்ன செய்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய், ஒன்று விடாமல் எழுது. எழுதினால் எரியும். எழுதாவிட்டால் இன்னும் எரியும்.

உன்
வாயாடி


ஆகஸ்ட் 2

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

என்னைப் போட்டிருப்பது நிறம் பார்க்கும் அறையில். சுவர், தரை, மேசை எல்லாம் சாம்பல் நிறம். வேறு நிறம் பக்கத்தில் இருந்தால் கண் ஏமாந்துவிடுமாம். முதல் நாள் சிவப்புச் சட்டையில் போனேன், வாசலிலேயே ஒரு சாம்பல் மேலங்கியை மாட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் ஒரு தகரத் துண்டையோ ஓட்டுத் துண்டையோ அனுப்புவார். அதே நிறம் வரும்வரை பெயிண்டைக் கலக்க வேண்டும். வந்துவிட்டதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

என் ஜோடி ஓர் அக்கா. கண்ணாடியக்கா என்று கூப்பிடுகிறோம். "முன்னாடியே பேசினா உன் கண்ணு என் கண்ணா மாறிடும், வாய மூடிக்கிட்டு பாரு" என்பார். மத்தியானச் சாப்பாடும் அவரோடுதான். பாதியை எனக்குத் தள்ளிவிடுவார். உன்னால் இந்த அறையில் அரை நாள் தாக்குப்பிடிக்க முடியாதடி.

அன்புடன்
ஒட்டடைக்குச்சி


நவம்பர் 18

ஒட்டடைக்குச்சி,

உன் போன மாதக் கடிதம் நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் கண்ணாடியக்கா புராணம். அக்கா சிரித்தார், அக்காவுக்குச் சளி, அக்கா பேனா கொடுத்தார். நான் ஒருத்தி இருப்பது நினைவிருக்கிறதா? முதல் வருடத்திலிருந்து விடுதியில் ஒரே அறையில் இருந்து, உன் தலைவலிக்கு மாத்திரை தேடியது யார்?

வேலையைப் பார்த்து எரிந்தேன், அது ஆறிவிடும் என்று நினைத்தேன். இப்போது அந்த அக்காவையும் சேர்த்து எரிகிறேன். இங்கே தும்மல்காரன் மட்டும் குறையில்லாமல் தும்முகிறான்.

ஒன்று கேட்கிறேன். அங்கே புதிதாக ஆள் எடுத்தால் என்ன பரீட்சை வைப்பார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வாயாடி


ஜனவரி 6

என் வாயாடிக்கு,

கோபக்காரி, உன்னை மறப்பேனா? அக்காவுக்கே உன் கதையெல்லாம் அத்துப்படி. "எப்ப கூட்டிட்டு வரே அந்த வாயாடிய?" என்று கேட்கிறார்.

பரீட்சை சுலபம்தான், ஆனால் எல்லோரும் விழுவார்கள். இரண்டு சாம்பல் அட்டையை விளக்குப் பெட்டிக்குள் வைத்து, ஒன்றா வேறா என்று கேட்பார்கள். அந்த விளக்கில் ஒன்றாகவே தெரியும். விளக்கை மாற்றினால் ஒன்று பச்சையாக அடிக்கும். மாற்றிக் காட்டச் சொல்லி நாமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், கண் வைக்காதே. அக்கா கோடையில் வேறு கிளைக்குப் போகிறார். மேலாளர் என்னிடம், "படிப்ப முடிச்சிட்டு நேரா இங்க வந்துடும்மா, அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிக்கிறோம்" என்றார். எனக்கு இதுவரை எதிலும் மனம் ஒட்டியதில்லை, உனக்குத் தெரியும். இந்த வேலை எனக்கு வேண்டும்டி.

அன்புடன்
ஒட்டடைக்குச்சி


ஜூன் 12

வாயாடிக்கு,

ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்று மேலாளருக்கு மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அக்காவின் இடத்துக்கு வெளியாட்களைக் கூப்பிட்டார்கள். நேற்று விளக்குப் பெட்டிக்குள் அட்டைகளை வைத்தது நான்தான். பயிற்சிக்கு வந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. வைத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். மூன்றாவதாக நீ உள்ளே வந்தாய்.

உனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் உடனே எழுதிக் கொடுத்தார்கள். நீ, "விளக்க மாத்திக் காட்ட முடியுமா சார்?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பெருமையாகக்கூட இருந்தது. அதை உனக்கு எழுதியதே நான்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் மேலாளர் கேட்டார். "உங்க காலேஜ் பொண்ணுதானே, எப்படி?" உன்னைக் கவிழ்க்க ஒரு வாக்கியம் போதும். ஓயாமல் பேசுவாள் என்று சொன்னால் போதும், இது பேசக் கூடாத அறை. "அவ கண்ணு என் கண்ணவிட நல்லா இருக்கும் சார், எடுத்துக்கோங்க" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

நீ விண்ணப்பித்தது தப்பில்லை. யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். இனிமேல் எழுதாதே.


செப்டம்பர் 30

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

இது நான் போடும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டிலும் நியாயம் பேசியிருந்தேன். இதில் பேசவில்லை.

உன் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடியக்கா போகிற அன்று எனக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தார், சாப்பாட்டில் பாதியைத் தள்ளவில்லை. மேலாளர் என்னைக் கூப்பிடும்போது வாய் தவறி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு நாளைக்கு நான்கு சொல் பேசினால் அதிகம். எல்லோரும் என்னை அமைதியான பெண் என்கிறார்கள், கேட்டால் நீ நம்ப மாட்டாய்.

உன்னை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே நீதான், அதுவும் அன்றைக்கு நான் செய்ததைப் பார்த்த பிறகு. நானாக இருந்தால் கவிழ்த்திருப்பேன். அதை நினைத்தாலும் உன்மேல் பொறாமைதான் வருகிறது.

கல்லூரி திறந்ததுமே நீ விடுதிக்குத் திரும்பிவிட்டாய் என்று, அங்கேயே மேல்படிப்பில் சேர்ந்திருக்கும் தும்மல்காரன் சொன்னான். உன் அறைக்கு யாரோ ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாளாம். அவள் உனக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. திரும்பிப் படுத்து, "தூங்கிட்டியா?" என்று கேட்டாலே போதும், நீ பதில் சொல்லிவிடுவாய். அவளைத்தான் இப்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

உன்
வாயாடி