பக்கத்து லேன்காரிக்கு

உன் நீச்சல் கண்ணாடியை இன்று காலையும் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கினேன். றப்பர் வாரில் குளோரின் மணத்தோடு உன் தேங்காயெண்ணெய் மணமும் இன்னும் ஒட்டியிருக்கிறது. உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கொட்டாஞ்சேனை வீட்டில் உன் அம்மா இதை என் கையில் வைத்தார். "நீயே போடு மகள், அவளுக்கு நீதானே கூட்டாளி" என்றார். கூட்டாளியாம்! உன்னைப் பார்த்து நான் எப்படி எரிந்தேன் என்று அந்த மனுசிக்கு எங்கே தெரியும்? கண்ணாடியைக்கூடப் பார், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விடாது. என்னுடையது எந்த நாளும் ஒழுகும்.

எனக்குப் பிறப்பிலேயே இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது. உனக்குத் தெமட்டகொடையில் ரயிலில் அடிபட்டு வலது கால் போனது. மாற்றுத்திறனாளிகள் நீச்சலுக்கு நம் இருவரையும் சோதித்துப் பார்த்து ஒரே பிரிவில் போட்டார்களே, அன்றைக்குப் பிடித்தது எனக்கு எரிச்சல். பட்டர்ஃப்ளை என்றால் இரண்டு கையும் ஒன்றாகத் தண்ணீரை விட்டு எழும்ப வேண்டும். நீ எழும்பினால் கரையில் நிற்கிறவர்கள் கதைப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நான் ஒரு பக்கம் சரிந்து எழும்பினால் யாராவது "ஐயோ பாவம்" என்பார்கள். அந்த ஐயோ பாவத்தை எத்தனை தரம் தண்ணீரோடு சேர்த்து விழுங்கியிருப்பேன்!

நமக்கு நீச்சல் பழக்குகிற சேருக்குத் தமிழ் வராது. நீ சுவரைத் தொட வரும்போதெல்லாம் "அத் தெகம! அத் தெகம!" என்று சிங்களத்தில் கத்துவார். இரண்டு கையும் என்று. இரண்டு கை உள்ளவர்கள் இரண்டாலும் ஒரே நேரத்தில் தொடாவிட்டால் போட்டியிலிருந்து வெளியே. எனக்கு இருக்கிற ஒரு கை பட்டால் போதும். அதனால் என்னைப் பார்த்து அவர் அப்படிக் கத்தியதே இல்லை. ஒருத்தி ஏச்சு வாங்குவதற்கும் பொறாமைப்பட முடியுமா? நான் பட்டேன்.

ஒருநாள் உடுப்பு மாற்றும் அறையில் பொய்க்காலை மாட்டிக்கொண்டே கேட்டாய்.

"என்னடி, என்ட கையையே பாத்துக்கொண்டு நிக்கிற?"

"வடிவா இருக்கு. எனக்கு வேணும்."

"எடு. உன்ட ரெண்டு காலையும் இங்க தா. ஸ்டார்ட்ல நீ பாயுறதப் பாக்க எனக்குப் பத்திக்கொண்டு வருது."

சிரித்தோம். அது பகிடி இல்லை என்று இருவருக்கும் தெரியும். பிறகு வெள்ளவத்தைக்கு வந்து கொத்து ரொட்டி சாப்பிட்டோம். அதையும் நீதான் முதலில் முடித்தாய்.

பயிற்சியில் சில சுற்றுகள் எல்லோரையும் ஒரு கையால் மட்டும் நீந்தவைப்பார் சேர். அது உனக்கு நல்ல விருப்பம். பக்கத்து லேனில் என்னைப் பார்த்தபடியே வந்து, நான் தொடுகிற மாதிரியே ஒரு கையால் சுவரில் தட்டுவாய்.

அந்தப் பெரிய போட்டியிலும் அதைத்தான் செய்தாய். நான் தலையைத் தூக்கும்போது நீ ஏற்கனவே சுவரில். ஆனால் நடுவரின் கை மேலே போயிருந்தது. கடைசி வீச்சில் நீ ஒரு கையால் தொட்டுவிட்டாய். தங்கம் எனக்கு வந்தது. "உன்னோட நீந்தி நீந்தி உன்ட பழக்கம் எனக்குத் தொத்திட்டுது, சனியனே!" என்று கத்திக்கத்தி அழுதாய். வீட்டுக்கு வந்தவர்கள் என் மெடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "மற்றப் பிள்ளையெல்லோ முதல் வந்தது?" என்று கேட்டார்கள். தோற்றும் நீதான் வென்றாய்.

"அடுத்த முறை ஒழுங்கா வெல்லுறன் பார்" என்றேன். "வா, பாப்பம்" என்றாய். அடுத்த முறை வரவில்லை, டெங்கு வந்தது. ஒரு கிழமைக்குள் போய்விட்டாய். இனி உன்னை நான் எங்கே போய் வெல்வது? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று காலை உன் லேனில் ஒரு புதுப்பிள்ளை நின்றாள். அவளுக்கும் ஒரு கால் இல்லை, கை இரண்டும் நல்ல நீளம். அவள் சுவரை நெருங்க, சேர் "அத் தெகம!" என்று கத்தினார். அப்படியே நின்றுவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, அச்சாக அவளேதான், இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நே சேர்! எயா வகே நெவெய்!" என்றேன். அவளைப் போல இல்லை என்று. தடாகம் முழுக்கக் கேட்டிருக்கும். பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோனாள். நான் விடவில்லை. அடுத்த சுற்றில் அவளுக்குப் பக்கத்தில் இறங்கி, மூச்சு முட்ட முட்ட நீந்தினேன். அது போட்டி என்றே அவளுக்குத் தெரியாது. உன் இடத்துக்கு இன்னொருத்தி வரக் கூடாது, உன்னை முந்துவதென்றால் நான்தான் முந்த வேண்டும், எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

சுவரைத் தொட்டேன். தொட்டதும் பழக்கதோஷத்தில் பக்கத்து லேனைத் திரும்பிப் பார்த்தேன், நீ எனக்கு முன்னமே வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாயா என்று. ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடிக்குள் தண்ணீர்.

உன் கண்ணாடி ஒழுகாதடி.