வாசலில் நிற்க ஒரு கார்

டிசம்பர் 3, புதன்

சின்னா, இன்றும் நம் பிள்ளை கிருபா காரை எடுத்துக்கொண்டு நாவலூர் ஆபீசுக்குப் போய்விட்டான். வாசல் காலி. வீட்டில் நானும் மருமகளும் மட்டும். ஹெலனுக்கு ஏழாவது மாதம். அவள் இருமினால்கூட எனக்குப் பகீர் என்கிறது.

நீ மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் வாசல் இப்படித்தான் கிடந்தது. கிருபாவும் ஹெலனும் காரில் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு

கேட்டே விட்டேன். "இன்னொரு கார் வாங்குடா. வூட்ல ஒண்ணு எப்பவும் நிக்கணும்."

"நின்னா? நீ ஓட்டப்போறியா?"

"ஹெலனுக்குத் தெரியுமே."

"வலி வந்தா அவளே ஓட்டிகினு போவாளா? நல்லா கீதும்மா உன் ஐடியா!"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அன்றைக்குக் காரை எடுத்துப் போனது யார் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டான் போல. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

டிசம்பர் 8

சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவன் சாப்பிடாமலே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான்.

டிசம்பர் 16, செவ்வாய்

எதிர்வீட்டு மோசஸ் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "இன்னா அண்ணி, ரெண்டாவது கார் வருதாமே? என் பொழப்புல மண்ணா?" என்றான்.

தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்கு உன்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவன் அவன்தான். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது உன் கை சில்லிட்டுப் போனது. காராக இருந்தால் அதற்குள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வந்திருக்குமே – இது மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 25

நீ இல்லாத இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. ஹெலன் அடுப்படிக்கு வந்து, "அத்த, அவரு செகண்ட்ஸ்ல ஒரு கார் பாத்து வெச்சிகீறாரு. சரியா தூங்கறதே இல்ல. அப்பா போனது என்னாலதான்னு அம்மா நினைக்குதுன்னு அழுவுறாரு" என்றாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் லீவின் கடைசி நாள். மத்தியானம் ஹெலனுக்கு வலி. கார் வாசலில், கிருபாவும் வீட்டில். நான் கேட்டது இதைத்தானே?

காரில் கிளம்பிப் பூஞ்சேரி கூட்டுரோடுகூடப் போய்ச் சேரவில்லை. மாமல்லபுரம் பார்க்க வந்த வண்டிகள், முன்னாலும் பின்னாலும். அசையவே இல்லை. ஹெலன் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. கிருபா கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் போட்டான். "மோசஸ் அண்ணாத்த, ஆட்டோவ எடுத்துகினு வா, சீக்கிரம்!"

மண் ஓரமாகவே வந்து சேர்ந்தான். "அண்ணி, கம்பிய கெட்டியா புடி. புள்ளய நீ பாத்துக்கோ, ரோட்ட நான் பாத்துக்கிறேன்."

இடுக்கில் புகுந்து போனோம். திரும்பிப் பார்த்தேன். நடு ரோட்டில் கார், அதற்குள் என் பிள்ளை.

வெறும் சூட்டு வலியாம். குழந்தை நன்றாக இருக்கிறது.

ஜனவரி 19, திங்கள்

காலையில் அந்தக் காருக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினான்.

"வேணாம்டா."

"ஏம்மா? நீதான கேட்ட?"

"உங்கப்பா போனது உன்னால இல்லடா."

ஒரு காலில் ஷூவோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். முதுகைத் தடவினேன். ரொம்ப நேரம் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அவனிடம் சொல்லிவிட்டேன். எனக்கு யார் சொல்வது? அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான்; கார் வாசலிலேயே நின்றிருந்தாலும், உன்னை மடியில் போட்டுக்கொண்டு இப்படி வண்டிகளுக்கு நடுவில்தானே நின்றிருப்பேன், சின்னா?