மாசி மகத்தன்று கட்டிய பேனர்

கடலூர் முதுநகர்
12.3.2010

அன்புள்ள மகன் அரசுக்கு அம்மா எழுதுவது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் இதையும் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. தங்கச்சி தமிழினிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, காலேஜுக்குப் போய்வருகிறாள், நல்ல செய்தி அது ஒன்றுதான். போனில் பேசினால், நான் என்னம்மா தப்பு பண்ணேன் என்று நடுவில் கேட்பாய், நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

உன் அப்பாவின் குடியை நிறுத்த நான் அலையாத இடம் இல்லை. கோயிலில் கயிறு கட்டினோம், ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கினோம், யாரோ சொன்னார்கள் என்று குழம்பில் பொடி கலந்து அவரை வாந்தி எடுக்க வைத்தோம். தெருவுக்குத் தெரு சாராயக் கடை திறந்து வைத்திருக்கிற கவர்மெண்டே ஆஸ்பத்திரிச் சுவரில் குடிக்காதே என்று எழுதியும் வைத்திருக்கிறது, அதையும் படித்தோம். கடைசியில் சிதம்பரத்தில் என்னிடம் மீன் வாங்கும் ஜான்சி டீச்சர்தான் வழி சொன்னார். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிறார்கள், காசு கிடையாது, என்ன சாதி என்ன மதம் என்று கேட்கமாட்டார்கள் என்றார். கடலூரிலேயே என்றால் அப்பா போயிருக்கமாட்டார், துறைமுகத்தில் அவரைத் தெரியாதவன் யார். சிதம்பரம் என்றதால் வந்தார். ஊரில் கேட்டவர்களிடம் எனக்குக் கூடை தூக்கப் போவதாகச் சொன்னார். பொண்டாட்டிக்குக் கூடை தூக்குற ஆம்பளைய பாருங்கடா என்று உன் மாமன் கண்ணாயிரமே கேலி பேசினான், அப்பா சிரித்துக்கொண்டு நடந்தார். முதல் நாள் வாசலிலேயே நின்றவரை, கூட்டத்தை நடத்தும் லூர்துசாமி சார், உள்ள வாங்கண்ணே, எங்கள விட நீங்க ஒண்ணும் ஜாஸ்தி குடிச்சிருக்க மாட்டீங்க என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். அவர் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரு காலத்தில் குடித்தவர் என்று அவருடைய பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. அங்கே பெரிய கட்டுப்பாடே அதுதான், யார் வந்தார், என்ன பேசினார் என்று வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது. அப்பா குடியை விட்டபின் இதையெல்லாம் உன்னிடம் சொன்னபோது, சத்தியமா யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்மா என்றாய்.

மாசி மகத்தன்று சாமிகள் கடலுக்கு வருகிற வழியில், ஊர் முழுக்கப் பார்க்கும்படி, நீ சிங்கப்பூரிலிருந்து சொல்லி, உன் சேக்காளி மணவாளன் பேனர் கட்டியிருந்தான். குடியை வென்ற மாவீரன் தாண்டவராயன் என்று அப்பா படம். அதைவிடப் பெரிதாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட உன் படம், பின்னால் சிங்கப்பூர்க் கட்டடம். கீழே, வழிகாட்டிய சிதம்பரம் லூர்துசாமி ஆசிரியருக்கு நன்றி என்று அவர் பெயரையும் போட்டுவிட்டீர்கள். உனக்குப் பெருமை. இந்த ஊரில் பிறந்தநாளுக்குப் பேனர், காதுகுத்துக்குப் பேனர், செத்தால் பேனர், அப்பன் குடியை விட்டதற்கும் பேனர். அதைக் கட்டிய பையன்கள் அதன் நிழலிலேயே உட்கார்ந்து குடித்தார்கள். அப்பா சாமி கும்பிட வந்தபோது, என்னா மாவீரா, மாசி மகம் அதுவுமா ஒரு கட்டிங் கூட வேணாமா என்று ஒருவன் டம்ளரை நீட்டினான். அவர் யாரையும் அடிக்கவில்லை. என் மீன் கத்தியை எடுத்துவந்து பேனர் கயிற்றை அறுத்தார், நேராகச் சாராயக் கடைக்குப் போனார். ஆத்தாளும் மவனும் சேந்து என்னய வித்துட்டீங்க என்றார், அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. உன்னை நம்பிச் சொன்ன எனக்கு நீ வாங்கிக்கொடுத்த பெயர் இது.

குடித்துவிட்டு அவர் புலம்பியது தன்னைப் பற்றி இல்லை. அந்த வாத்தியாரு பேரு என்னாலதான தெருவுல தொங்குச்சு, எந்த மூஞ்சோட போவேன் என்றுதான் அழுதார். போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய் லூர்துசாமி சாரிடம் நடந்ததைச் சொன்னேன். நீ நினைப்பதுபோல அவர் சிரித்துத் தட்டிக்கொடுக்கவில்லை. என் வேலை போனாலும் போவுது, நாளைக்குப் புதுசா வர்றவன் எங்கள நம்பி எப்படிம்மா வாயத் தொறப்பான் என்றார். நான் கிளம்பும்போது, அண்ணன வரச்சொல்லுங்க, கோவத்த அவருகிட்டயே சொல்லிக்கிறேன் என்றார்.

இன்று காலை அப்பா தானாக வாய் திறந்தார். சார் கோபமாக இருந்தாரா என்று கேட்டார். இருந்தார் என்று உண்மையைச் சொன்னேன், வரச்சொன்னதையும் சொன்னேன். முகத்தைத் தடவிக்கொண்டு, நாளன்னைக்கி ஞாயித்துக்கெழமதான, இந்தத் தாடியோடவா போவேன் என்று சலூனுக்குக் கிளம்பினார். சலூனுக்குப் போகிற வழியில்தான் கடையும் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று வாசலில் நின்று பார்க்கக்கூடாது என்றுதான் உள்ளே உட்கார்ந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். நீயும் அங்கே சம்பள நாளில் குடிப்பதாக மணவாளன் உளறினான், அது பொய்யாக இருக்கட்டும். அப்பாவுக்குப் போன் செய்து, அம்மா மேல தப்பில்ல, நாந்தான் செய்தேன் என்று உன் வாயால் சொல். வேறெதுவும் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை போனாரா இல்லையா என்று என்னிடமும் கேட்காதே, போயிருந்தாலும் இனி உன்னிடம் சொல்லமாட்டேன். எங்கே இருந்தாலும் அந்த மாரியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
லோகநாயகி