பாட்டில் கழுத்தில் ஒரு கீறல்

என் ஆசைச் செல்லம்மாவுக்கு,

சிரிக்காதே. இதை நானேதான் எழுதுகிறேன். மாலை வகுப்புக்குப் போகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் உன் பெயரை முதன்முதலாக எழுதிய அன்று, சந்தோஷத்தில் வகுப்பிலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

சேதி ஒன்று இருக்கிறது. உன்மேல் தப்பில்லை, செல்லம்மா.

பாட்டில் கம்பெனியில் வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் ஓடும் காலி பாட்டில்களைப் பார்த்து, கீறல் விழுந்ததை நீ பொறுக்கி எடுப்பாயே, அந்த இடத்தில் இப்போது கேமரா இருக்கிறது. நம் மலருக்கு அந்த மெஷினில்தான் வேலை. அது சரியென்று விட்ட பாட்டில் ஒன்றும் சோடா நிரப்பும்போது கழுத்தில் வெடித்துவிட்டது. இன்ஜினியர் வந்து, அதே வரிசையில் வந்த இன்னொரு பாட்டிலை எடுத்து, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். கழுத்துக்குள் ஒரு கீறல் மின்னியதாம்.

"பின்னாடி வெளிச்சம் இருந்தா இது தெரியாதா சார்?" என்று மலர் கேட்டிருக்கிறாள்.

"கேமராவுக்கே தெரியலையேம்மா. மனுசக் கண்ணுக்கு எங்கிட்டுத் தெரியும்?"

உன் தம்பி முருகேசனின் சோடாக் கடையில், நீ பார்த்து அனுப்பிய பாட்டில் வெடித்ததும் கழுத்தில்தானே? கண்ணில் கட்டோடு அவன் உன்னைக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "வெளிச்சத்துக்கு முன்னால குந்திக்கிட்டு என்னத்தக்கா பாத்த? ஒனக்குத்தான் கண்ணு ரெண்டும் நல்லா இருக்கே?" அதற்குப் பிறகு நீ வீட்டு டீ கிளாஸைக்கூட விளக்கில் தூக்கிப் பார்க்காமல் குடித்ததில்லை.

நீ போன அன்று பிறந்த வீட்டுக் கோடிக்காகப் பொழுது சாயும் வரை உன்னைக் கிடத்தி வைத்திருந்தோம். அவன் வரவில்லை. தாய்வீட்டுச் சேலை இல்லாமலே உன்னை எடுத்தோம்.

நானும் மலரும் அன்னவாசல் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவன் கேட்டான்: "மச்சான், இப்பக் கோடி எடுத்தா யாருக்குப் போத்துறது?"

நேற்று பச்சைச் சேலையோடு வந்து நின்றான். கடை வாசலில் வெயிலில் விரித்து, இருக்கிற ஒரு கண்ணால் இழை இழையாகப் பார்த்து வாங்கினானாம். "ஒரு குத்தமும் இல்ல மச்சான்" என்றான். பிறகு அழுதான்.

உன் திதிக்கு அதை அவன் கையாலேயே படைக்க வைப்பேன். படைத்த சேலையை மலர் கட்டிக்கொள்வாள். இது சத்தியம்.

இனிமேல் கைநாட்டு வைக்காத
உன் வீட்டுக்காரன்,
மலரின் அப்பன்,
கருப்பையா