அடுப்பு மூச்சு விடுகிறது

அன்புள்ள முன்கோபக்காரனுக்கு,

எரிகிறது! நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நோவி சாத் நகரில் உன் தங்கை வீட்டுக்குப் போகக் காரணமான அதே கணப்பு அடுப்புதான். தீ பளிச்சென்று நிமிர்ந்து நிற்கிறது. புகையே இல்லை.

"அந்த அடுப்பு இருக்கிற வீட்ல நான் இருக்க மாட்டேன்" என்று நீ கத்திவிட்டுப் போன பிறகும் நான் விடவில்லை. அதில் எரிக்க வேறு மரத்தூள் குச்சிகள் வாங்கினேன். அவை எரியும் கிண்ணத்தைச் சுரண்டினேன். புகைக்குழாயைத் துடைத்தேன். அப்போதும் அடுப்புக் கதவின் கண்ணாடி புகையால் கறுத்து, அடுப்பு தானாகவே அணைந்தது.

இன்று மெக்கானிக் ஒப்ராத் வந்தான். அடுப்புக்குக் காற்று வர வெளிச்சுவரில் ஒரு குழாய் இருக்கிறதே, அதற்குள் கையை விட்டு ஒரு கம்பளிக் காலுறையை உருவினான். நான் உனக்குப் பின்னிக் கொடுத்த சாம்பல் நிறக் காலுறை.

"அக்கா, மூக்கை அடைச்சு வச்சா அடுப்பு எப்படி எரியும்? யாரு வேலை இது?"

"குளிர்காத்து பட்டா இடுப்பு பிடிச்சுக்கும்னு பயப்படுற ஒருத்தர் வேலை."

"எங்கப்பாவும் அதே கேசுதான். எங்க வீட்டுக் குழாய்ல பழைய பனியன்!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். உன் தங்கையிடம் இதை நான் சொல்ல மாட்டேன்.

காலுறையைத் துவைத்துக் காயவைத்துவிட்டேன். அதன் ஜோடி உன் அலமாரியில் தனியாகக் கிடந்தது. இரண்டையும் சேர்த்து மடித்து வைத்திருக்கிறேன். உன் நாற்காலியைக் குழாய்ப் பக்கத்திலிருந்து நகர்த்தி எதிர்ச்சுவரோரம் போட்டிருக்கிறேன். அங்கே காற்று அடிக்கவில்லை. நானே உட்கார்ந்து பார்த்தேன்.

இப்படிக்கு,
அடுப்பை விட்டுக்கொடுக்காதவள்