அண்ணி ஓட்டும் வண்டிக்கு அகலச் சக்கரம்

என் அன்பு அண்ணாவுக்கு,

உன் வண்டியின் முன் சக்கரத்தை மாற்றிவிட்டோம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ கோபித்துக்கொள். பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, பால் கேன் தூக்கும் வண்டியாக ஆக்கியவன் நீ. நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு அதை அண்ணிதான் ஓட்டுகிறார்கள். வீடு வீடாகப் பாலும் ஊற்றுகிறார்கள். கணக்கு மட்டும் என் பொறுப்பு.

புது ஃபேக்டரிக்கு மண் ஏற்றிப் போகும் லாரிகள் நம் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைச் சாலை முழுக்க மண்ணைச் சிந்தி வைத்திருக்கின்றன. உன் ஒல்லிச் சக்கரம் அதில் புதைந்து அண்ணி இரண்டு முறை விழுந்துவிட்டார்கள். அவர்களுடைய தம்பி பென்னலூரிலிருந்து வந்து, "வித்துடுக்கா, பொம்பள ஓட்ற வண்டியா இது?" என்று பிடிவாதமாக நின்றார்.

"இன்னொரு வாட்டி வுழுந்தா நீயே இட்டுகினு போய் வித்துக்கோடா" என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். வண்டி போனால் பால் வியாபாரமும் போகும். அண்ணி தம்பி வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்கிற ஆளா, நீயே சொல்?

மெக்கானிக் டேவிட் அகலமான ரிம்மும் டயரும் கொண்டுவந்து மாட்டினார். மட்கார்டு இடித்தது, வாஷர் கொடுத்து அதைத் தூக்கினார். நான் முருகனைக் கும்பிட்டு டயரின் இரு பக்கமும் சந்தனப் பொட்டு வைத்தேன்.

"இன்னாம்மா, டயருக்குக் கல்யாணமா?" என்றார்.

"நீங்க உங்க சாமிகிட்ட சொல்லுங்க, எங்க சாமிய நான் பாத்துக்கறேன்."

அண்ணி தெருமுனை வரை போய் வந்தார்கள். வலப்பக்கப் பொட்டுகளைக் காணோம். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உட்புறம் சந்தனம் இழுவிக் கிடந்தது. இடப்பக்கம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"டேவிட்டு, ஒரு பக்கமா ஒரசுது பாருங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். ஸ்போக்குகளைத் தளர்த்தியும் முறுக்கியும் ரிம்மை நடுவுக்கு இழுத்தார். பிறகு நிமிர்ந்து, "இன்னொரு தபா பொட்டு வைங்கம்மா" என்றார். வைத்தேன். இந்த முறை பொட்டுகள் எல்லாம் பத்திரமாக வீடு திரும்பின.

மறுநாள் காலை கேன் நிறையப் பாலோடு அண்ணி கிளம்ப, நானும் அவர்கள் தம்பியும் ஏரிக்கரையில் நின்றோம். மண்ணில் இறங்கியதும் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. என் வாயில் முருகா, முருகாதான். அப்புறம் சக்கரம் மண்ணை அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஏறிவிட்டது. அண்ணி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணி பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் தம்பிக்குப் பஸ் போய்விட்டது. "ஏறுடா, வூட்ல வுட்றேன்" என்றார்கள். "மெதுவா போக்கா" என்று கெஞ்சியபடி, காலி கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனார். விற்கிற பேச்சு அதோடு முடிந்தது. எங்கிருந்தாவது அதைப் பார்த்தாயா? சிரித்தாயா?

நீ எத்தனை முறை கூப்பிட்டும் பயந்து ஏறாதவள் நான். வருகிற கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க அண்ணி பின்னால் உட்கார்ந்து போவேன், கண்ணைத் திறந்துகொண்டே.

அண்ணிக்குத் துணையிருக்கும்
உன் தங்கை கஸ்தூரி